டீசல் ஊறிய கரிசல்: சோப்பா, வெல்லமா, குளுக்கோசைடா?

திருமங்கலம் பக்கம் லாரிப் பட்டறை இருந்த மனையை வாங்கி மரம் வைக்க நினைத்தோம். மண்ணில் டீசலும் கழிவு எண்ணெயும் ஊறிக் கிடந்தன. வெட்டி அள்ளி வேறெங்கோ கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அழுக்கு ஊர் மாறும், அழியாது.

வெல்லக் கரைசல் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. டீசலைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். வெல்லம் கிடைத்தால் அவை அதைத்தான் முதலில் தின்னும். மண்ணிலுள்ள ஆக்சிஜனும் அதிலேயே தீரும். திண்டுக்கல் தோல் ஆலைகள் விட்டுச்சென்றது போன்ற குரோமியம் என்றால் வெல்லப்பாகு பொருத்தமானது. ஆக்சிஜன் குறைந்த மண்ணில்தான் ஆறு இணைதிறன் கொண்ட நச்சுக் குரோமியம், எளிதில் கரையாத மூன்று இணைதிறன் வடிவுக்கு மாறும்.

நான் தேர்ந்தெடுத்தது குளுக்கோசைடு. குளுக்கோசையும் தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து எடுக்கும் கொழுப்பு ஆல்கஹாலையும் இணைத்துச் செய்வது. பாத்திரம் துலக்கும் திரவம் தயாரிப்பவர்களுக்கு மூலப்பொருள் விற்கும் கடைகளில் கேனில் கிடைக்கிறது. சோப்புத் தூளைப் போலவே, நுண்ணுயிர்கள் எளிதில் தின்னும்படி எண்ணெயை நுண்துளிகளாக உடைக்கும், விலைதான் அதிகம்.

பிறகு ஏன் சோப்புத் தூள் வேண்டாம் என்கிறேன்? அதிலுள்ள சோடியம்தான் காரணம். கரிசல் களிமண். சோடியம் ஏறினால் அதன் கட்டுமானம் குலைந்து, நனைந்தால் குழம்பாகும், காய்ந்தால் பாறையாக இறுகும். காற்றும் நீரும் இறங்காத மண்ணில் எண்ணெய் தின்னும் நுண்ணுயிரும் வாழாது, வேம்பும் வேர்விடாது. அப்புறம் ஜிப்சம் போட்டு மண்ணை மீட்கும் வேலை வேறு. குளுக்கோசைடு மின்னூட்டமற்றது, களிமண்ணை இப்படிக் குலைப்பதில்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரிலும் திரிந்துபோகாமல் வேலை செய்தது. வேலை முடிந்ததும் அதுவே மண்ணில் சிதைந்துவிடும்.

அளவு மீறினால் மட்டும் ஆபத்து: கரைந்த எண்ணெய் நிலத்தடி நீரை நோக்கி இறங்கும். நீர்த்த கரைசலைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கொத்திப் புரட்டி, ஈரம் காக்க வேண்டும். யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் கொஞ்சம் தேவை. கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் விகிதம் 100:10:1 என்பது வழக்கமான கணக்கு.

ஸ்டார்ச்சிலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையும் உண்டு. தார் வகை மாசுகளைத் தன் வளையத்துக்குள் பிடித்துக் கரைக்கும். விலையைப் பார்த்து நான் வாங்கவில்லை, அதனால் தீர்ப்பும் சொல்லமாட்டேன்.

எங்கள் மனையில் மேல்மண்ணின் நாற்றம் போனது; மழைநீரில் எண்ணெய்ப் படலம் மிதப்பதில்லை; புங்கன் துளிர்த்திருக்கிறது. ஓரடிக்குக் கீழே நான் சோதிக்கவில்லை. பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருப்பவர்கள் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்த பிறகே எதையும் ஊற்றுங்கள்.