டைவ் கம்ப்யூட்டர்: எந்தக் கணக்கை நம்பி இறங்குவது?

ஒரே படகிலிருந்து ஒன்றாகக் குதித்த இருவர் 24 மீட்டர் ஆழத்தில் அருகருகே நீந்துகிறார்கள். டெகோ நிறுத்தம் (உடம்பில் ஏறிய நைட்ரஜன் மெல்ல வெளியேற, மேலே வரும் வழியில் நின்று காத்திருப்பது) தேவைப்படாமல் இன்னும் 11 நிமிடம் இருக்கலாம் என்கிறது ஒருவரின் மணிக்கட்டுத் திரை. மற்றவருடையது 4 நிமிடம் என்கிறது. இரண்டு கருவியிலும் கோளாறு இல்லை. டைவ் கம்ப்யூட்டர் எதுவும் உடம்பில் ஏறிய நைட்ரஜனை அளப்பதில்லை. அது அளப்பது ஆழத்தையும் நேரத்தையும் மட்டும்தான். மிச்சமெல்லாம் சூத்திரம் போட்டுத் தரும் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கிறது என்பதை வெளிப்படையாகக் காட்டி, அதைக் கூட்டவும் குறைக்கவும் விடும் கருவிதான் என் தேர்வு. மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அட்டவணையும் கம்ப்யூட்டரும்

இந்தப் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் ஒரு காரணத்துக்காக இதைப் பார்த்துவிடுவது நல்லது. எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று டைவிங் பயிற்சி அமைப்பான பேடி 1988-இல் வெளியிட்ட அட்டவணை, சாதாரணக் காற்றில் 18 மீட்டருக்கு 56 நிமிடமும் 30 மீட்டருக்கு 20 நிமிடமும் தருகிறது. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் முதல் டைவில் 30 மீட்டருக்கு அவ்வளவு தருவதில்லை. அப்படியானால் அட்டவணைதான் தாராளமா என்றால், இல்லை. டைவ் முழுக்க நீங்கள் அந்த 30 மீட்டரிலேயே கிடந்ததாக அட்டவணை எடுத்துக்கொள்ளும். நிஜத்தில் 30-ஐத் தொட்டுவிட்டு 18, 12 என்று பாறைத்திட்டையொட்டி மேலே வருகிறோம். கம்ப்யூட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்து மறுகணக்கு போடுவதால் முக்கால் மணி நேர டைவ் சாத்தியமாகிறது.

இதில்தான் கவனம் வேண்டும். அட்டவணையில் நாம் பயன்படுத்தாமல் விட்ட நேரம், நமக்குத் தெரியாமலே ஒரு பாதுகாப்பாக இருந்தது. கம்ப்யூட்டர் அதை எடுத்து நம் கையில் கொடுத்துவிடுகிறது. 1 நிமிடம் மீதி என்று காட்டும்வரை காத்திருந்து, கொஞ்சம் மேலே வந்து, மறுபடி 1 நிமிடம் வரும்வரை நின்று, இப்படியே டைவ் முழுக்க ஓட்டுபவரிடம் அந்த மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே கம்ப்யூட்டர் கட்டியவர் பாதுகாப்பு இடைவெளியைத் தானே திட்டமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பூல்மனும் ஆர்.ஜி.பி.எம்.மும்

எல்லாக் கணக்கும் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் போட்ட பாதையில் வந்தவைதான். உடம்பைச் சில திசுப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் நைட்ரஜனை ஏற்றி இறக்குவதாக வைத்துக்கொள்வது அவர் முறை. அவர் வைத்தது ஐந்து பிரிவு. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் அதைப் பதினாறாக்கினார். ஷியர்வாட்டர், கார்மின் டிசென்ட் ஆகிய கருவிகள் எல்லாம் அவர் கணக்கில்தான் ஓடுகின்றன. கணக்கு முழுவதும் அச்சில் வந்திருப்பதால் யாரும் சரிபார்க்கலாம்.

அதன்மேல் எரிக் பேக்கர் சேர்த்ததுதான் கிரேடியன்ட் ஃபேக்டர். திரையில் 40/85 என்று இரண்டு எண்களாகத் தெரியும். சுற்றியுள்ள அழுத்தத்துக்கும் பூல்மன் வகுத்த உச்சவரம்புக்கும் நடுவே எத்தனை சதவீதம் வரை போகலாம் என்பதே இதன் பொருள். முதல் எண், டெகோ நிறுத்தங்கள் எவ்வளவு ஆழத்தில் தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். நிறுத்தம் தேவைப்படாத பொழுதுபோக்கு டைவில் வேலை செய்வது இரண்டாவது எண். முதல் டைவ், சாதாரணக் காற்று, 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது எண் 95 ஆக இருக்கும்போது ஏறக்குறைய 15 நிமிடம் கிடைக்கும். 85-க்கு 12 அல்லது 13, 75-க்கு 10. ஒரே கருவி, ஒரே உடம்பு, ஐந்து நிமிட வித்தியாசம்! கருவியைக் கட்டிய நாளிலேயே இந்த எண்ணைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கான ஆர்.ஜி.பி.எம். புரூஸ் வீன்கேயின் ஆக்கம். நைட்ரஜன் கரைவதோடு நுண்குமிழிகள் உருவாவதையும் கணக்கில் எடுக்கும் மாதிரி அது. ஆனால் பொழுதுபோக்குக் கருவிகளில் இருப்பது அதன் சுருக்க வடிவம்தான்: ஹால்டேன் வழிக் கணக்கு, அதன்மேல் சில தண்டனைக் குறைப்புகள். சூன்டோ, கிரெஸ்ஸி, மாரெஸ் நிறுவனங்கள் பல ஆண்டுகள் இதைத்தான் விற்றன. வேகமாக ஏறினாலோ, இடைவேளை குறைவாக விட்டு மறுபடி இறங்கினாலோ, முதல் டைவைவிட இரண்டாவதில் ஆழமாகப் போனாலோ, நாள்தோறும் பல டைவ் செய்தாலோ அடுத்த டைவின் நேரம் வெட்டப்படும். காலை முதல் டைவில் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டும் இரண்டு கருவிகள் மூன்றாவது டைவில் வெகுவாகப் பிரிவது இதனால்தான்.

நாளைக்கு நான்கு டைவ் என்று ஒரு வாரம் தொடர்ந்து இறங்குபவருக்கு இந்தக் கண்டிப்பு நல்லதே. என் மனத்தாங்கல் வேறு. எதற்காக எவ்வளவு வெட்டினது என்று கருவி சொல்லாது. காரணம் தெரியாத கண்டிப்பைப் பலர் மதிப்பதில்லை. 'இது எப்பவும் இப்படித்தான் கத்தும்' என்று அலட்சியம் செய்யப் பழகிவிடுகிறார்கள். பூல்மனில் அதே கண்டிப்பை 75 என்று நானே வைத்துக்கொண்டால், அது என் முடிவு, எனக்குப் புரிந்த முடிவு. ஆழ நிறுத்தம் பாதுகாப்பானது என்ற குமிழிக் கணக்குகளின் வாதமும் பலவீனப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கடற்படை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மொத்த நிறுத்த நேரம் ஒன்றாக இருந்தும் ஆழத்தில் நின்று வந்தவர்களுக்கே டிகம்ப்ரெஷன் நோய் (மேலே வரும்போது நைட்ரஜன் உடம்பில் குமிழிகளாவதால் வருவது) அதிகம் வந்தது. அது டெகோ டைவ்கள் பற்றிய ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரெஸ் சிரியஸ், சூன்டோ ஓஷன் ஆகிய புதிய மாடல்களில் அந்த நிறுவனங்களே பூல்மனுக்கு வந்துவிட்டன.

ஓஷியானிக் கருவிகளில் இரண்டு கணக்குகள் கிடைக்கும்: தாராளமான டிசாட் ஒன்று, பூல்மன் வழி வந்தது இன்னொன்று. புதியவர்கள் இரண்டாவதை வைத்துக்கொள்ளட்டும்.

பூட்டிக்கொள்ளும் கருவி

நிறுத்தத்தைத் தவறவிட்டால் பல மாடல்கள் 24 அல்லது 48 மணி நேரத்துக்கு வெறும் ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். மேலே வந்தபின் பூட்டுவது நியாயம். நிறுத்தத்தை விட்டவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது. ஆனால் சில கருவிகள் தண்ணீருக்குள்ளேயே பூட்டிக்கொள்கின்றன. வழிகாட்டல் அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில் அது கைவிடுவது எனக்கு ஏற்பில்லை. ஷியர்வாட்டர் அப்படிப் பூட்டுவதில்லை, கணக்கைத் தொடர்ந்து காட்டும்.

திரை

பழைய எல்.சி.டி. திரை நாணய பேட்டரியில் நீண்ட காலம் ஓடும். வண்ணத் திரையை அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். இருந்தும் நான் வண்ணத் திரை பக்கம்தான், ஒரு குறிப்பிட்ட காரணத்தால். சில எல்.சி.டி. மாடல்களில் மீதி நேரம் தீர்ந்து டெகோவில் விழுந்ததும் அந்த எண் மறைந்து, அதே இடத்தில் மேலே வரத் தேவைப்படும் மொத்த நேரம் வந்து உட்காரும். பக்கத்திலுள்ள பொடி எழுத்து மட்டும்தான் மாறும். குறைந்துகொண்டே வந்த எண் திடீரென்று கூடுவதைப் பார்த்து, நேரம் கிடைத்துவிட்டது என்று நினைத்து அங்கேயே நிற்பவர், பிறகு நிறுத்தத்தில் கழிக்க வேண்டிய நேரத்தை ஏற்றிக்கொண்டே போவார். எல்.சி.டி. கருவி வைத்திருந்தால், டெகோவில் விழும்போது திரை எப்படி மாறும் என்று கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

சிலிண்டர் அழுத்தம் மணிக்கட்டிலா, குழாயிலா?

சிலிண்டர் காற்றை மூச்சு விடத் தரும் ரெகுலேட்டரின் ஹை-பிரஷர் வாயில் பொருத்தும் டிரான்ஸ்மிட்டர், மீதிக் காற்றையும் நீங்கள் மூச்சு விடும் வேகத்தையும் மணிக்கட்டுக்கு அனுப்பும். வசதிதான், ஆனால் சிக்னல் விடும், பேட்டரி தீரும். முள் காட்டும் சாதாரண கேஜைக் கழற்றிவிட வேண்டாம். பட்ஜெட் ஒன்றுக்கு மட்டும் இடம் கொடுத்தால் டிரான்ஸ்மிட்டரை விட்டுவிட்டு நல்ல திரையை வாங்குங்கள்.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2022-இல் ஓஷியானிக்+ ஆப்புடன் 40 மீட்டர் வரை வந்தது. அதுவும் பூல்மன்தான். எப்போதாவது டைவ் செய்பவருக்குப் போதும். பகல் முழுக்க மற்ற வேலைக்கும் அதையே பயன்படுத்தினால், டைவுக்கு முன் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது கட்டாயம்.

எதை வாங்கினாலும்

ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். கூட இறங்கும் துணைவருடையதை எட்டிப் பார்த்து ஓட்டுவது சரியல்ல: அவர் உங்களைவிட மூன்று மீட்டர் மேலே நீந்தியிருக்கலாம், காலையில் இறங்காமலும் இருந்திருக்கலாம். இருவரில் யாருடையது குறைவாகக் காட்டுகிறதோ அதற்கு இருவரும் கட்டுப்பட வேண்டும். திரையில் 5 நிமிடம் மீதி இருக்கும்போதே ஏறத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூட்டிய காற்று) எடுத்தால், சிலிண்டரை நீங்களே அளந்து பார்த்த ஆக்ஸிஜன் சதவீதத்தைக் கருவியில் போடுங்கள். கூடுதல் பாதுகாப்புக்காக 32% நைட்ராக்ஸில் இறங்கி, கருவியைச் சாதாரணக் காற்று என்ற அமைப்பிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. நைட்ரஜனைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் அந்தக் கலவையின் ஆக்ஸிஜன் நச்சாகாமல் இருக்கும் எல்லையான 33 மீட்டரைத் தாண்டும்போது அந்தக் கருவி எச்சரிக்காது. இதே பாதுகாப்பை கிரேடியன்ட் ஃபேக்டரைக் குறைத்தே பெறலாம், எச்சரிக்கையும் கெடாது.

டைவுக்கு நடுவே திரை அணைந்துவிட்டால் மெதுவாக ஏறி, 5 மீட்டரில் நின்று, வெளியே வந்துவிடுங்கள். அன்று வேறொருவருடைய கருவியைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்க வேண்டாம், உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் அதற்குத் தெரியாது. முழுதாக 24 மணி நேரம் விடுங்கள். டைவுக்குப் பின் விமானம் ஏறும் முன் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதற்கும் கருவிகள் ஆளுக்கொரு நேரம் சொல்லும். ஒற்றை டைவுக்குப் பின் 12 மணி, பல டைவ்களுக்குப் பின் 18 மணி என்பது டைவர் பாதுகாப்பு அமைப்பான டான் தரும் குறைந்தபட்ச அளவு. கருவி அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் கருவி சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், குறைவாகக் காட்டினால் டான் சொல்வதை.