நலோக்சோன் மூக்கு ஸ்ப்ரே 4 மி.கி.: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

ஹெராயின், மார்ஃபின், ஃபெண்டானில் போன்ற ஓபியாய்டுகள் அளவு மீறினால் உயிர் போவது மூச்சு நின்றுதான். நலோக்சோன் மூளையில் அவை உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே தள்ளுகிறது. ஊசியாகவும் கிடைக்கும். ஆனால் நடைபாதை இருட்டில், கை நடுங்க ஆம்பூல் (ஊசி மருந்துள்ள கண்ணாடிக் குப்பி) உடைக்க எல்லோராலும் முடியாது. அங்கே ஸ்ப்ரேதான் சரி.

பெட்டியில் இரண்டு ஸ்ப்ரே இருக்கும். ஒவ்வொன்றும் 0.1 மி.லி.; ஒரே ஒரு முறைதான் பீய்ச்சும். வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தால் போச்சு, மருந்து காற்றில் கரைந்துவிடும்.

கூப்பிட்டும், மார்பெலும்பின் நடுவே விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தும் அசைவில்லையா? மூச்சு குறைந்திருக்கிறதா, குறட்டை போல இழுக்கிறதா? உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு குறைவதால் வரும் நீலநிறம் கருத்த தோலில் தெரியாது. உதடும் நகமும் சாம்பல் பூத்திருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்கடியில் கை கொடுத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, பிடித்திருக்கும் விரல்கள் மூக்கைத் தொடும்வரை முனையை நுழைத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்து. 2-3 நிமிடத்தில் பலன் இல்லையென்றால் இரண்டாவதை மற்ற நாசியில் அடிக்கவும். இடையில் சும்மா நிற்காமல் 5 விநாடிக்கு ஒரு முறை வாயோடு வாய் மூச்சு கொடுக்க வேண்டும். அப்போது வாயோடு வாய் நேராகப் படாமல் முகத்தில் போடும் தடுப்புத் திரை பெட்டியில் இல்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். இந்தப் பொருளில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

இன்னொரு தவறு, ஆள் எழுந்து உட்காரும்வரை அடித்துக்கொண்டே இருப்பது. மூச்சு சீராக வந்தால் போதும், தூங்கட்டும். அளவு கூடினால் வித்ட்ராயல் (போதை திடீரென்று அறுபடுவதால் வரும் உடல் வேதனை) கடுமையாகி, வாந்தியும் நடுக்கமுமாக எழுந்து, மறுபடி போதையைத் தேடிப் போய்விடுவார். 8 மி.கி. ஸ்ப்ரேயும் விற்கிறார்கள். நியூயார்க் மாநிலக் காவல்துறை 2022-23இல் இரண்டையும் பயன்படுத்தியபோது பிழைத்தவர்கள் விகிதத்தில் வித்தியாசமே இல்லை. வித்ட்ராயல் அறிகுறிகள் மட்டும் 8 மி.கி.யில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் 4-ஐயே வாங்கச் சொல்வேன்.

மருந்தின் பலன் 30 முதல் 90 நிமிடம். உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதற்குமேலும் நீடித்தால் மூச்சு மறுபடி நிற்கும். வீடில்லாதவரை எழுப்பிவிட்டு அனுப்பிவிட்டால், அடுத்த மணி நேரத்தில் அவர் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே ஒருக்களித்துப் படுக்கவைத்து, குறைந்தது 2 மணி நேரமாவது ஆள் கூடவே இருக்க வேண்டும். சைலசீன் (கால்நடைகளுக்கான மயக்க மருந்து), தூக்க மாத்திரை, மது இவற்றை நலோக்சோன் முறிக்காது. ஆனாலும் என்ன எடுத்தார் என்று தெரியாதபோது கொடுத்துவிடுங்கள். ஓபியாய்டு இல்லாவிட்டால் கெடுதல் செய்யாது.

25 டிகிரிக்குள் வைக்க வேண்டும், இடையிடையே 40 வரை தாங்கும். வெயிலில் நிறுத்திய வண்டி இதைவிடச் சூடாகும். கடுங்குளிரில் உறைந்தால் பீய்ச்சாது. அறை வெப்பத்தில் 15 நிமிடம் வைத்தபின் பயன்படுத்தலாம்.

இதைக் கொடுப்பது போதையை வளர்க்கும் என்பவர்கள் வித்ட்ராயலைப் பார்த்ததில்லை போலும். மயங்கிக் கிடப்பவர் தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாது. போதை எடுப்பவர் பெயரில் மருந்துச்சீட்டு கேட்கும் விதி அதனாலேயே அர்த்தமற்றது. பக்கத்தில் இருக்கக்கூடியவர்கள் கையில் இது இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014லேயே சொல்லிவிட்டது. அமெரிக்கா 2023 மார்ச்சில்தான் சீட்டில்லாமல் விற்க அனுமதித்தது. வாங்குபவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து, பையின் வெளி ஜிப்பில் வையுங்கள். எந்த ஜிப் என்று கூட இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்.