அறைக் கதவைத் திறந்தால் காண்டாமிருகம் என்றார்கள்: எட்டோஷாவில் 1,86,000 ரூபாயை இழந்த கதை

நமீபியாவிலிருந்து நேற்று முன்தினம் இரவுதான் வீடு திரும்பினோம். பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தை விற்று எங்களை ஏமாற்றிய ஆள் இந்த வாரமும் யாரோ ஒருவரிடம் எங்களுக்குக் காட்டிய அதே காணொளியைக் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டிருப்பான்.

என் அப்பாவுக்கு வயது 71. வேலையில் இருந்த காலத்திலிருந்தே காட்டு விலங்குகள் என்றால் அவருக்கு உயிர். கருப்புக் காண்டாமிருகம் தண்ணீர் குடிப்பதை ஒரு முறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்கு உலகிலேயே மிக நல்ல இடங்களில் ஒன்று எட்டோஷா தேசியப் பூங்காவில் உள்ள ஒகாக்குவேயோ முகாம். முகாமின் வேலியை ஒட்டி ஒரு நீர்நிலை இருக்கிறது. இரவு முழுவதும் அதன்மேல் விளக்கு எரிகிறது. தாழ்வான கற்சுவருக்கு இந்தப் பக்கம் போட்டிருக்கும் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தால், பகலில் முகம் காட்டாத காண்டாமிருகங்கள் இருட்டிய பிறகு தாமாகவே வந்து நிற்கும். ஆனால் முகாமில் தங்குபவர்களுக்குத்தான் அந்த இரவு கிடைக்கும். பூங்கா வாயில் சூரிய உதயத்தில் திறந்து மறைவில் மூடப்படுகிறது, இரவில் பார்வையாளர்கள் தம் விருப்பப்படி வண்டி ஓட்டவும் அனுமதி இல்லை.

நாங்கள் போனது எங்கள் ஊரில் மாடியில் இயங்கும் ஒரு சிறிய சுற்றுலா முகவர் அலுவலகம். பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கிருந்தவர் அப்பாவுக்குத் தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார், தேநீர் வரவழைத்தார், பிறகு தன் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். மஞ்சள் விளக்கொளியில் ஒரு காண்டாமிருகமும் அதன் குட்டியும் தண்ணீர் குடிக்கின்றன; குட்டியின் நிழல் தண்ணீரில் அசைகிறது. "அப்பா, நீங்க ராத்திரி கட்டில்ல இருந்து எழுந்து கதவைத் திறந்தா போதும், இதுதான் தெரியும்" என்றார். அப்பா அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு எனக்குக் கேள்வி கேட்கவே தோன்றவில்லை. நான் ஏமாந்த இடம் அதுதான். விமானச் செலவு தனி. மூன்று இரவு முகாமுக்குள் தங்குவதற்கும் எங்கள் இருவருக்கு மட்டுமான வண்டிக்கும் சேர்த்து 1,86,000 ரூபாய். அதை 93,000 வீதம் இரண்டு நாட்களில், அவர் சொன்ன ஒரு தனிநபர் கணக்குக்கு அனுப்பினேன். பிப்ரவரியில் போகலாமா என்று அப்பா கேட்டதற்கு, "தண்ணீர் குடிக்காத மாசம்னு ஒண்ணு உண்டாப்பா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நமீபியாவின் தலைநகரான விண்ட்ஹூக்கிலிருந்து எங்களை ஏற்றிக்கொண்ட வண்டியில் ஏற்கெனவே ஆறு பேர் இருந்தார்கள். அது போய் நின்ற இடம் அவுட்ஜோ என்ற சிற்றூர். பூங்காவின் ஆண்டர்சன் வாயில் அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். இது வழித்தங்கலாக இருக்கும் என்றுதான் அப்பா நினைத்தார். மூன்று இரவும் இங்கேதான் என்று விடுதிக்காரர் காட்டிய தாளில் எங்கள் பெயர் இருந்தது.

மறுநாள் பூங்காவுக்குள் நெப்ரவுனி நீர்நிலையில் வண்டி நின்றது. இரண்டு ஸ்பிரிங்பாக் மான்கள், சேற்றோரத்தில் நம் ஊர் ஆள்காட்டியைப் போலவே கத்திய ஒரு பறவை, அவ்வளவுதான். அப்பா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. நீர்நிலையில் விலங்கு பார்ப்பது என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பது. எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம், ஏனென்றால் எட்டுப் பேருக்கும் ஒரே கால அட்டவணை. ஓட்டுநர் நல்ல மனிதர். பிப்ரவரி இங்கே மழைக்காலம், சாலையோரக் குழியில்கூடத் தண்ணீர் நிற்கும், விலங்குகள் எதற்காக இங்கே வர வேண்டும், செப்டம்பரில் வந்திருந்தால் யானையும் வரிக்குதிரையும் ஓரிக்ஸ் மானும் இங்கே முறைவைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். ஆண்டுதோறும் ஆட்களை அனுப்புவதாகச் சொன்ன முகவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மதியம் ஒகாக்குவேயோ முகாமில் உணவுக்கு இறங்கினோம். நான் நேராக வரவேற்பறைக்குப் போய்ப் பெயரையும் தேதியையும் சொல்லித் தேடச் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு முறை தேடினார். எங்கள் பெயரில் பதிவு எதுவும் செய்யப்படவே இல்லை. திரும்பி வந்தபோது அப்பா கற்சுவருக்கு அருகில், காணொளியில் பார்த்த அதே நீர்நிலைக்கு எதிரே, வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "இங்கதானே, தம்பி, அது வந்து நின்னுச்சு?" என்று கேட்டார். வாயில் மூடுவதற்குள் வெளியேற வேண்டும் என்று ஓட்டுநர் அழைத்தபோது, எழுந்து பேசாமல் வண்டியில் ஏறிக்கொண்டார்.

அன்றிரவே முகவரை அழைத்தேன். முதலில் உள்ளூர்க் கூட்டாளி செய்த தவறு என்றார். மறுநாள், "சார், ரசீதுல 'அல்லது அதற்கு இணையான விடுதி'ன்னு போட்டிருக்கே, படிக்கலையா?" என்றார். நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் எதற்கு இணை என்று கேட்டேன். மேலாளர் விடுப்பில் இருக்கிறார் என்றார். ஊர் திரும்பி நேற்று நேரில் போனால், அதே நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துகொண்டு, அவர் வெளியூர் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்கிறார். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியவை அனைத்தும் படிக்கப்பட்டிருக்கின்றன. பதில் ஒன்றுகூட இல்லை. 1,86,000 ரூபாய் என் எட்டு மாதச் சேமிப்பு, ஆனால் அப்பாவை இன்னொரு முறை அவ்வளவு தூரம் அழைத்துப் போக முடியுமா என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

விரிவாக எழுத இப்போது மனநிலை இல்லை, போகப்போகிறவர்கள் இதையாவது பாருங்கள். ஒகாக்குவேயோ, ஹலாலி, நமுத்தோனி ஆகிய முகாம்களை நடத்துவது நமீபியாவின் அரசு நிறுவனம். பதிவு எண்ணை வாங்கி, மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பே அவர்களுக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிச் சரிபாருங்கள். ரசீதில் "இணையான" என்ற சொல் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். தனிநபர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். நீர்நிலைக்காகப் போவதானால் ஜூன் முதல் அக்டோபருக்குள் போங்கள்.

இன்று காலை 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். இந்த நிமிடம் வரை 1,86,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்ப வரவில்லை.