செங்காந்தளை வீட்டில் பெருக்க: கிழங்கா, விதையா, பைச் செடியா?

காந்தளைக் குறிஞ்சி நிலத்துப் பூ என்று சங்கப் புலவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். ஆனால் கடலோர மணல்மேட்டிலும் வேலிப் புதரிலும்கூட அது ஏறிப் பூக்கும். தண்ணீர் தேங்காத மண் இருந்தால் போதும். அந்த வகையில் நம் ராமநாதபுரம் கரையில் மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரைப் பக்கத்து மணல் இதற்குத் தோதானது. முதுகுளத்தூர், கமுதி கரிசலில்தான் கிழங்கு அழுகும்.

முதலில் கிழங்கு. கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கைப் போல எங்கே வெட்டினாலும் முளைக்கும் என்று நினைத்துத் துண்டு போட்டால் போச்சு. நுனி ஒடிந்த கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் மண்ணுக்குள் கிடந்து மக்கத்தான் செய்யும். அதனால் வாங்கும்போது எடையைவிட நுனியைப் பாருங்கள்.

முழுதாக நடுவதா, பிரித்து நடுவதா? இரண்டு நுனியும் நன்றாக இருந்து, கைகளும் தடியாக இருந்தால் கணுவில் பிரிக்கலாம். இரண்டு செடி கிடைக்கும். காயத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் இரண்டு நாள் உலர்த்திய பிறகு நட வேண்டும். மெலிந்த கிழங்கைப் பிரித்தால் கொடி வரும், பூ வராது. சந்தேகமாக இருந்தால் முழுதாகவே நடுங்கள். அந்தக் கிழங்கு பருவ முடிவில் சுருங்கிப்போய், அதன் இடத்தில் புதுக் கவைக் கிழங்கு உருவாகியிருக்கும். பிரிக்கிற வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

நம் கரையில் நடுவதற்குப் புரட்டாசி சரி. வடகிழக்குப் பருவமழையில் கொடி ஏறி, கார்த்திகை மார்கழியில் பூக்கும். நாலு விரற்கடை ஆழத்தில் படுக்கவைத்து மூடினால் போதும். கொடி காய்ந்த பிறகு ஆடி முடியும்வரை தண்ணீர் காட்டக் கூடாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு இதுதான் பெரிய வசதி: செடிக்குத் தண்ணீர் தேவைப்படும் மாதங்களில் மழையே ஊற்றிவிடுகிறது, உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டிய கோடையில் கிழங்கு தூங்குகிறது.

விதையில் இந்த வசதி பாதிதான். புதிதாகப் பறித்த விதை உடனே முளைக்காது. முளைக்கும்போதும் ஒன்று இன்று வரும், இன்னொன்று மாதம் கழித்து வரும். முதல் வருஷம் புல் மாதிரி சில இலைகளும், அடியில் சின்னக் கிழங்கும்தான் மிச்சம். பூவுக்கு மூன்று, நான்கு வருஷம் பொறுக்க வேண்டும். இளநாற்று உப்பைத் தாங்காது, அதனால் விதைத் தட்டுக்கு மழைத்தண்ணீரோ ஊற்றுத்தண்ணீரோ வேண்டும். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கத்தில் இந்தச் செடியை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். மருந்துக் கம்பெனிகளுக்குப் போகும் சரக்கு அது. விதையையே விற்கிற அவர்களும் வயலில் நடுவது கிழங்கைத்தான்! இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆனாலும் விதையை நான் தள்ளிவிட மாட்டேன். சந்தைக்கு வரும் கிழங்கில் ஒரு பங்கு காட்டிலிருந்து தோண்டியெடுத்தது. கிழங்கைத் தோண்டினால் அந்த இடத்தில் செடியே இல்லாமல் போகும். காயைப் பறித்தால் செடி அங்கேயே இருக்கும். நாலைந்து கிழங்கு நட்டவர் ஓரமாக ஒரு தட்டில் விதையும் தூவிவைக்கலாம். விதைக்குக் கையால் மகரந்தம் சேர்த்தால் காய் நன்றாகப் பிடிக்கும். மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு பூவை விட்டுப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் தானாகச் சேர்வது குறைவு. காலையில் ஒரு தூரிகையால் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது.

நர்சரியில் பையில் விற்கும் கொடியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பார்க்க அழகு, பஸ்ஸில் கொண்டுவருவதற்குள் தண்டு ஒடியும். ஒடிந்தால் பெரும்பாலும் அந்த வருஷம் மறுமுளை வராது. ஒடியாமல் வந்து சேர்ந்தாலும் கடல் காற்றுக்குப் பனையோலைத் தட்டி கட்ட வேண்டியிருக்கும். கிழங்கிலிருந்து அதே இடத்தில் முளைத்த கொடி, இலை நுனியால் வேலியைப் பற்றிக்கொண்டே ஏறுவதால் காற்றுக்கு ஈடுகொடுக்கும்.

எப்படி வளர்த்தாலும் ஒன்று. செடி முழுக்க கால்ச்சிசின் என்ற நஞ்சு, கிழங்கிலும் விதையிலும் அதிகம். சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். கிழங்கைச் சமையலறையில் வைக்காதீர்கள், கையுறை போட்டுப் பிரியுங்கள், கழித்த துண்டுகளை ஆடு மேயும் குப்பைமேட்டில் கொட்டாமல் ஆழமாகப் புதையுங்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இப்போதைக்கு மூன்றுமே வேண்டாம்.