பிள்ளைக்கு முதல் கார் வாங்குபவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்

3,45,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கார் எங்கள் வீட்டு வாசலில் கவர் போட்டபடி நிற்கிறது. மத்தியானத்தில் அதன் மேல் ஒரு பூனை ஏறிப் படுத்துத் தூங்கும். இன்றுவரை அந்தக் காரால் பலன் அடைந்த ஒரே ஜீவன் அதுதான். ஏமாந்ததை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது, அதிலும் நான் கணக்கு டீச்சர் வேறு. ஆனால் போன வாரம் எங்கள் பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஒருவர், "பையனுக்கு 18 ஆகப் போகுது, செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினார். அதே ஆளின் கார்டு. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது திருச்சி. 2024 ஏப்ரலில் என் பையன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். ஜூனில் 18 முடிகிறது. அவன் அப்பா மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். "பிளஸ் டூ முடி, கார் வாங்கித் தர்றேன்" என்று எப்போதோ போனில் சொல்லி வைத்திருந்தார். மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு வாக்குக் கொடுப்பது சுலபம். இங்கே அலைவது நான்.

பையனுக்கு சன் ரூஃப் வேண்டும், அலாய் வீல் வேண்டும். எனக்கு ஏர்பேக் இருந்தால் போதும். முதல் கார் எப்படியும் கேட்டில் உரசும், சுவரில் இடிக்கும், அதற்குப் புது வண்டி எதற்கு என்பது என் கணக்கு. ஆனால் ரொம்பப் பழையதும் வேண்டாம் என்று நினைத்தேன். திடீர் பிரேக்கில் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். டிரைவர் பக்க ஏர்பேக் அந்த வருடம் ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் சேர்த்து இரண்டு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் வந்தது 2022 தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆகவே 2019 கடைசியில் வந்த வண்டியாக, இரண்டு ஏர்பேக் உள்ளதாக, சின்ன பெட்ரோல் கார் ஒன்று. இவ்வளவு யோசித்துத்தான் கிளம்பினேன்.

பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஆட்டோ கன்சல்டிங் அது. பேர் வேண்டாம், விஷயம் வழக்கில் இருக்கிறது. ஓனருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, வாய் நிறைய அக்கா. பையனுக்கு 18 ஆக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று சொன்னதும் சிரித்தார். "ரெண்டு மாசம்தானேக்கா. காலனிக்குள்ள ஓட்டிப் பழகட்டும். யாரு கேக்கப் போறா?"

நான் விடவில்லை. யாரும் கேட்காவிட்டாலும் சட்டம் கேட்கும் என்று அங்கேயே வகுப்பு எடுத்தேன். காருக்கு 18 முடியாமல் எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. 16 வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர வண்டியைத்தான். அது எங்கள் அப்பா காலத்து டி.வி.எஸ். 50-க்குச் சரி. இப்போது காய்கறி ஏற்றிப் போகும் எக்ஸ்.எல். கூட 100 சி.சி.யை ஒட்டி வந்துவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி ஏதாவது குற்றம் ஆனால் பெற்றோருக்கோ வண்டியின் ஓனருக்கோ மூன்று வருடம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்றால் அதை நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க ரூல்ஸ் பாக்குறவங்க. உங்களுக்கு ஏனோதானோன்னு வண்டி காட்டக் கூடாது" என்று எழுந்து, பின்னால் நின்ற வெள்ளைக் காரைக் காட்டினார். 2019 நவம்பர். இரண்டு ஏர்பேக். 31,000 கிலோமீட்டர். சிங்கிள் ஓனர். டி.என். 22, சென்னை மீனம்பாக்கம் பதிவு. "டாக்டர் வண்டிக்கா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடியிருக்கு."

இதைப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு எதில் பயம் என்று நானே விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் அதையே எனக்கு விற்றார்.

போனில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன். ஓனர் ஒருவர்தான். ஃபைனான்ஸ் பாக்கி இல்லை. கேஸ் எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப் வீடியோவில் வண்டியைச் சுற்றிக் காட்டினேன், திருப்தி என்றார். வீடியோவில் வாசனை வராது. உள்ளே மல்லிகை சென்ட் ஆளைத் தூக்கியது. டாஷ்போர்டில் ஒரு பாட்டில், ஏசி துவாரத்தில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று. டாக்டருக்கு மல்லிகை பிடிக்கும் போல என்று நினைத்தேனே தவிர, மூன்று பாட்டில் எதற்கு என்று நினைக்கவில்லை.

2,00,000 பேங்க் மூலம், 1,45,000 ரொக்கம். ரொக்கத்துக்கு ரசீது கேட்டேன். "நம்மளுக்குள்ள என்னக்கா" என்றார். சரி என்று விட்டேன். டெலிவரி நோட்டில் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி. என் பெயருக்கு மாறியது. வயலூர் முருகன் கோயிலில் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தோம். ஓட்டியது என் கொழுந்தனார்.

வண்டி வாசலில் நிற்க நிற்க, பையன் தினமும் கேட்டான். தெருமுனை வரைக்கும்மா, ஒரே ஒரு ரவுண்டும்மா. மே 19 அன்று புனேயில் 17 வயதுப் பையன் ஒருவன் போர்ஷே காரை ஓட்டிப் போய் பைக்கில் மோதி, இளம் என்ஜினியர்கள் இரண்டு பேர் செத்தார்கள். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி, சில மணி நேரத்தில் அவனுக்கு ஜாமீன் கிடைத்ததும், பிறகு அவன் அப்பா கைதானதும் டிவியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபின் இவன் கேட்பதை நிறுத்தினான்.

ஜூனில் 18 முடிந்த வாரமே எல்.எல்.ஆர். எடுத்தோம். அது ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம். டிரைவிங் ஸ்கூலில் பத்து நாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வண்டியில், முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் ஒட்டி, லைசென்ஸ் உள்ள சித்தப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. நானும் பின் சீட்டில் இருந்தேன். எல்லாம் முறைப்படி.

ஜூலை முதல் வாரம். தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டியிருப்போம். பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் என்ஜின் அணைந்தது. ஸ்டியரிங் கல்லாக இறுகிவிட்டது. கொழுந்தனார் எட்டிப் பிடித்து இரண்டு பேருமாக ஓரத்துக்குத் திருப்பினார்கள். பஸ் ஹாரனை அமுக்கியபடியே பக்கத்தில் கடந்து போனது. பையனின் கை அரை மணி நேரம் நடுங்கியது. என் காலும்தான்.

பக்கத்து ஒர்க்ஷாப்பிலிருந்து வந்த மெக்கானிக் பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பானெட்டைத் திறக்கவே இல்லை. கதவைத் திறந்து மூக்கைச் சுளித்தார். டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாகக் கடைசிவரை இழுத்தார். சாதாரணமாக நாம் பெல்ட் போடும்போது வெளியே வராத பகுதி ஒன்று இருக்கிறதே, அங்கே குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே காய்ந்த சேறு. "இது வரைக்கும் தண்ணி நின்னிருக்கும்மா" என்றார். சீட்டைக் கழுவலாம், மேட்டை மாற்றலாம், சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டை யாரும் கழுவுவதில்லையாம்.

அப்புறம் சாவியைப் போடச் சொன்னார். மீட்டரில் இருக்கும் விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஏர்பேக் படம் மட்டும் எரியவில்லை. அது எரியாமல் இருப்பது நல்லதுதானே என்றேன். இல்லையாம். சாவி போட்டதும் சில நொடி எரிந்து அணைந்தால்தான் ஏர்பேக் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மறுநாள் ஒர்க்ஷாப்பில் மீட்டரைக் கழற்றிக் காட்டினார். அந்த ஒரு விளக்கை மட்டும் எடுத்திருந்தார்கள். ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி கியருக்குப் பக்கத்தில் தரையோடு இருக்கிறது. அதன் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. தண்ணீர் முதலில் தொடும் இடம் அது. எந்த ஏர்பேக்கை நம்பி என் பிள்ளையை உட்கார வைத்தேனோ, அது அன்று வேலை செய்திருக்காது.

வண்டி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டதில் மீதி தெரிந்தது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளம் முடிந்த கையோடு, இந்த வண்டி அவர்களின் சென்னை கிளைக்கு டோயிங்கில் வந்திருக்கிறது. ரிப்பேர் மதிப்பீடு போட்டார்கள். ரிப்பேர் செலவு வண்டிக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கும் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்யாமல் முழு நஷ்டமாகக் கணக்கு வைப்பது. இதுவும் அப்படித்தான் ஆனது. இன்சூரன்ஸ் பணம் ஓனர் கைக்குப் போய்விட்டது. வண்டி ஏலத்தில் போனது. ஆர்.சி.யில் பெயர் மாற்றுவதற்காக ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவங்கள் தேதி எழுதாமலே கை மாறி வந்திருக்கின்றன. நடுவில் வாங்கி விற்ற யாரும் ஆர்.சி.யில் ஏறவில்லை. அதனால்தான் போனில் சிங்கிள் ஓனர் என்று காட்டியது. டாக்டரோ யாரோ, ஓனர் ஒருவர் என்பது பொய்யில்லை. 31,000 கிலோமீட்டரும் பொய்யில்லை. இதுதான் எனக்கு ரொம்ப எரிந்தது.

கண்ணுக்கு முன்னால் கிடந்த தடயத்தையும் தவறவிட்டிருக்கிறேன். வண்டியோடு வந்த இன்சூரன்ஸ் பேப்பரில் பாலிசி தொடங்கிய தேதி 2024 பிப்ரவரி. அதுவும் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்டு பார்ட்டி. நாலரை வருடம் ஒழுங்காக வைத்திருந்த வண்டி என்றால் முழு பாலிசியும், கிளெய்ம் செய்யாததற்கு 45 சதவீதத் தள்ளுபடியும் இருந்திருக்கும். நவம்பரில் பதிவான வண்டிக்கு பிப்ரவரியில் பாலிசி எப்படிப் பிறக்கும்? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்தால் கண்டுபிடித்திருக்கும்.

கன்சல்டிங்காரரிடம் போனேன். அக்கா போய் மேடம் ஆகியிருந்தேன். "நல்லாப் பாத்துத்தானே மேடம் வாங்குனீங்க?" டெலிவரி நோட்டை எடுத்து நீட்டினார். கீழே பொடி எழுத்தில், வண்டியை உள்ளது உள்ளபடி முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், பிறகு எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று இருந்தது. என் கையெழுத்து அதற்குக் கீழே அழகாக இருந்தது. வேண்டுமானால் 90,000-க்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். இன்னொரு அம்மாவுக்கு விற்பதற்கு.

வக்கீல் நோட்டீஸுக்குப் பதில் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மெக்கானிக் பாய் எழுதிக் கொடுத்த அறிக்கை, மீட்டரைப் பிரித்தபோது எடுத்த வீடியோ, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் சேர்த்திருக்கிறேன். ரசீது இல்லாத 1,45,000 பற்றி வக்கீல் உதட்டைப் பிதுக்குகிறார்.

கூட வேலை பார்க்கும் அந்த டீச்சரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சேசிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். கொடுக்கத் தயங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பழைய இன்சூரன்ஸ் பேப்பரில் தேதியைப் பாருங்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்காரர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது, அதைக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் விற்றவரிடம் அது இல்லை என்று இப்போதுதான் தெரிகிறது. தெரிந்த மெக்கானிக்குக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கூட்டிப் போங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி, சீட் போல்ட்டில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். பிறந்தநாளுக்குள் வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்ற அவசரத்தை மட்டும் விற்பவரிடம் காட்டாதீர்கள். நான் காட்டினேன்.

பையன் ஆகஸ்ட்டில் டிரைவிங் ஸ்கூல் வண்டியிலேயே டெஸ்ட் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டான். காலேஜுக்கு டவுன் பஸ்ஸில் போகிறான்.

அந்தக் கன்சல்டிங்காரர் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது, வழக்குக்காக வைத்திருக்கிறேன். நேற்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புதுசாக ஒரு சிவப்புக் கார் போட்டிருந்தார். டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், ஏர்பேக் உண்டு. பதிவு டி.என். 69. தூத்துக்குடி. மிக்ஜாம் போன இரண்டாவது வாரம் வெள்ளத்தில் மிதந்த ஊர். அது நல்ல வண்டியாகவும் இருக்கலாம். பார்க்கப் போகிறவர்கள் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்.