வெப்பப் பரிமாற்றியின் மூட்டுக்கு எந்த கேஸ்கட்?

பணியில் சேர்ந்த புதிதில் ஒரு வெப்பப் பரிமாற்றி எங்களைப் படாத பாடு படுத்தியது. குளிர்ந்த நிலையில் நீரழுத்தச் சோதனை செய்தபோது ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. ஆலை ஓடத் தொடங்கி எண்ணெய் சூடேறியதும் சேனலின் (குழாய்களுக்குத் திரவத்தை அனுப்பும் முன்பெட்டி) ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு, அடிப்பக்கம் ஈரமானது. நட்டுகளை இறுக்கினால் நின்றுவிடும். ஆலை ஒருமுறை நின்று மறுபடி ஓடினால் அதே இடத்தில் மீண்டும் கசியும். இறுக்கியது போதவில்லை என்றே எல்லோரும் நினைத்தோம். தவறு கேஸ்கட்டை, அதாவது இரு முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் வளையத்தை, தேர்ந்தெடுத்த விதத்தில் இருந்தது.

ஃபிளேஞ்ச் மூட்டை அசையாத இணைப்பு என்று சொல்வது, தண்டு சுழலும் பம்பு சீலிலிருந்து பிரித்துக் காட்டத்தான். சூடேறும்போது இது அசையவே செய்கிறது. குழாய்களின் முனைகளைத் தாங்கும் குழாய்த் தகடு ஒரு வெப்பநிலையில் இருக்கும், வெளிக்கூடான ஷெல்லின் ஃபிளேஞ்ச் வேறொன்றில் இருக்கும். பல சுற்று ஓட்டமுள்ள சேனலில் திரவம் நுழையும் பாதி சூடாகவும் வெளியேறும் பாதி குளிர்ந்தும் கிடக்கும். இரண்டு முகங்களும் வெவ்வேறு அளவில் விரியும்போது, நடுவே சிக்கிய கேஸ்கட் ஆர வாக்கில் தேய்க்கப்படுகிறது. குளிர்ந்த சோதனையில் இந்தத் தேய்ப்பு நடப்பதே இல்லை.

அந்த மூட்டில் இருந்தது இரட்டை உறை கேஸ்கட்: மென்மையான நிரப்பியை மெல்லிய உலோகத் தகட்டால் இருபுறமும் மூடியது. பழைய வரைபடங்களில் பெரும்பாலும் இதையே காணலாம். நசுங்கியபின் மீண்டு எழும் திறன் மிகக் குறைவு. தேய்ப்பில் உறை சுருங்கி மடியும், சேனலின் பாதிகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டம் ஒட்டவைத்த இடத்தில் விரிசல் காணும். வெப்பம் ஏறி இறங்கும் மூட்டில் இதைத் தொடர நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்து ஸ்பைரல் வுண்ட். V வடிவில் மடித்த எஃகு நாடாவையும் கிராஃபைட் நாடாவையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிய சுருள் இது. அந்த V மடிப்பே வில்லாகச் செயல்படுகிறது. 4.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுருள், வெளி வளையத்தின் துணையோடு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் வரை நசுங்கி உட்காரும். போல்ட்டின் இழுவிசை சற்றுத் தளர்ந்தாலும் வில் எழுந்து இடைவெளியை நிரப்பிவிடும். நீராவிக் குழாயின் உயர்முக (கேஸ்கட் அமரும் முகம் சற்று உயர்ந்த) ஃபிளேஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கண்டதில்லை. விலை குறைவு, எங்கும் கிடைக்கும். வெளி வளையத்தின் விளிம்பு மஞ்சளானால் சுருளில் உள்ளது 304 வகைத் துருவேறா எஃகு, பச்சையானால் 316 வகை. சாம்பல் கோடு கிராஃபைட்டைக் குறிக்கும், வெள்ளைக் கோடு டெஃப்ளானை. கிடங்கில் கை மாறிப் போகாமல் காப்பது இந்த நிறக் குறியீடுதான்.

இந்தச் சுருளுக்குப் பக்கவாட்டு வலு இல்லை. உள்பக்கம் ஆதரவு இல்லாவிட்டால் உள்நோக்கி நெளிந்து குழாய்க்குள் நீட்டிக்கொள்ளும். உள் வளையத்தோடு வாங்குவது அதனால்தான். வெப்பப் பரிமாற்றியின் குறுகிய பள்ளத்தில் அந்த வளையங்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆர வாக்கில் தேய்த்தால் சுற்றுகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். ஒரு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள, வளையம் இல்லாத சுருளைத் தூக்கும்போதே கையில் அவிழ்ந்து விழுந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது கேம்புரோஃபைல். ஜெர்மன் மொழியில் காம் என்றால் சீப்பு. திடமான உலோக வளையத்தின் இரு முகங்களிலும் ஒரே மையத்தைச் சுற்றிச் சீப்புப் பல் போன்ற வரிகள், அவற்றின்மேல் சுமார் அரை மில்லிமீட்டர் கிராஃபைட் பூச்சு. வரியின் முகடுகளில் அழுத்தம் குவிகிறது. பள்ளங்களில் கிராஃபைட் சிறைப்படுகிறது. அவிழ்வதற்குச் சுருள் இல்லாததால் முகங்கள் தேய்த்துக்கொண்டாலும் உடல் குலைவதில்லை. பெரிய விட்டத்திலும் நிலையாகக் கையாளலாம். உலோக உடல் சேதமடையாமல் இருந்தால் பழைய கிராஃபைட்டைச் சுரண்டிப் புதிதாக ஒட்டலாம். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு நாள் ஆலை நிற்பதன் இழப்போடு அதை ஒப்பிட முடியாது.

கேம்புரோஃபைலிலும் ஒரு குறை இருக்கிறது. திட உலோகம் வில்லைப் போல மீளாது. மீட்சியைப் போல்ட்தான் தர வேண்டும்: நீளமான ஸ்டட் (இரு முனையிலும் நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்), தேவைப்பட்டால் நட்டின் அடியில் தட்டு வில்கள். குட்டையான போல்ட் போட்ட ஃபிளேஞ்சில் கேம்புரோஃபைலை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

மீட்சியை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தின் பூஸ்டரில் தோற்றதும் இப்படிப்பட்ட ஒரு மூட்டுதான். எரிபொருள் பற்றியதும் அழுத்தத்தில் மூட்டு சற்றே திறந்தது. உறைநிலைக்கு அருகே குளிர்ந்திருந்த ரப்பர் ஓ-வளையம் அந்தத் திறப்பைப் போதிய வேகத்தில் பின்தொடர முடியவில்லை. ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

ஃபிளேஞ்சின் பள்ளத்தில் உட்காரும் திட உலோக வளையமான ரிங் ஜாயிண்ட்டை உயர்வானது என்று எண்ணி எங்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய்க் கிணற்றுத் தலையிலும் உயரழுத்தக் குழாய்களிலும் அதற்கு உரிய இடம் உண்டு. ஆனால் அதற்கு ஈடாக அது கேட்பதைப் பாருங்கள். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏ.எஸ்.எம்.இ.) விதித்தொகுப்பின்படி ஸ்பைரல் வுண்ட்டை அமர்த்தக் கணக்கிடும் அழுத்தம் சுமார் 69 மெகாபாஸ்கல். மென்னிரும்பு வளையத்துக்கு 124, துருவேறா எஃகு வளையத்துக்கு ஏறத்தாழ 180. வளையம் பள்ளத்தைவிட மென்மையாக இருக்க வேண்டும். மென்னிரும்பென்றால் கடினத்தன்மை 90 பிரினெல்லுக்கு மேல் போகக் கூடாது. பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் ஃபிளேஞ்சையே கடைசலுக்கு அனுப்ப வேண்டும். நடுத்தர அழுத்தமுள்ள வெப்பப் பரிமாற்றிக்கு இது தேவையற்ற சுமை.

டெஃப்ளான் 260 டிகிரி செல்சியசோடு நின்றுவிடும், அதற்குள்ளும் சுமையில் மெல்ல வழிந்தோடும். இங்கே பேச்சுக்கே இடமில்லை. கிராஃபைட்டும் காற்றுப் படும் இடத்தில் சுமார் 450 டிகிரிக்கு மேல் எரிந்து கரையத் தொடங்கும். அதற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு மைக்கா சார்ந்த நிரப்பியைக் கேளுங்கள்.

என் தேர்வு இது: குழாய் ஃபிளேஞ்சுக்கு உள் வளையத்தோடு ஸ்பைரல் வுண்ட், வெப்பப் பரிமாற்றியின் சேனலுக்கும் மூடிக்கும் கேம்புரோஃபைல், வடிவமைப்பு அழுத்தம் கட்டாயப்படுத்தினால் மட்டும் ரிங் ஜாயிண்ட்.

எதைத் தேர்ந்தாலும் இறுக்கும் கை முக்கியம். ஸ்பேனரில் செலுத்தும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டின் இழுவிசையாகிறது. மீதி நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடுகிறது. துருப்பிடித்த, மசகு இல்லாத ஸ்டட்டில் அந்தப் பங்கும் குறையும். மரைக்கும் நட்டின் அடிக்கும் மசகு இடுங்கள், கேஸ்கட்டின் மேல் ஒருபோதும் தடவாதீர்கள். 30, 70, 100 சதவீதம் என்று எதிரெதிராக இறுக்கி, பிறகு வரிசையாகச் சுற்றி வாருங்கள், எந்த நட்டும் நகராத வரை.

அந்தப் பழைய மூட்டில் அடுத்த நிறுத்தத்தின்போது கேம்புரோஃபைல் வைத்து, ஸ்டட்டுகளின் நீளத்தைக் கூட்டி, தட்டு வில்கள் சேர்த்தோம். ஆலை பலமுறை நின்று ஓடியது. ஃபிளேஞ்சின் அடிப்பக்கம் உலர்ந்தே இருந்தது.