மெதுவாக வரும் ஜாம்பியா, ஓடிவரும் ஜாம்பியா: முதலில் எதைப் பார்ப்பது?

ஜாம்பி படங்களுக்குப் புதியவர்கள் தயங்கி நிற்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான்: ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968), டேனி பாயிலின் ‘28 டேஸ் லேட்டர்’ (2002).

பயம்
1968: உயிர்த்தெழுந்த பிணங்கள் தள்ளாடித்தான் வரும், ஒன்றிரண்டு என்றால் தப்பித்து ஓடிவிடலாம். ஆபத்து அவற்றின் எண்ணிக்கையிலும், பண்ணை வீட்டுக்குள் அடைபட்டவர்களின் சண்டையிலும் இருக்கிறது. நிலவறையில் பதுங்குவதா, மேலேயே இருப்பதா என்ற வாக்குவாதம்தான் படத்தின் உயிர்.
2002: இவர்கள் செத்தவர்கள் அல்ல, வெறி வைரஸ் தொற்றியவர்கள். ரத்தம் பட்ட சில நொடிகளில் கூட இருந்தவரே பாய்வார்.

அழிந்த உலகம்
1968: ஒரே இரவு. வெளியுலகம் வானொலி, தொலைக்காட்சிச் செய்தியாகவே வருகிறது.
2002: ஆளற்ற லண்டன். வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக் காட்சிக்காகவே பார்க்கலாம்.

படத்தரம்
பலர் ஏமாறுவது இங்கேதான். காப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால் 1968 படம் அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வெளியிடக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. மங்கலான பிரதிகள் எங்கும் கிடைக்கின்றன. 4கே-யில் மீட்டெடுத்த பதிப்பைத் தேடிப் பாருங்கள். 2002 படத்தின் பெரும்பகுதி கேனான் எக்ஸ்எல்1 டிஜிட்டல் கேமராவில் எடுத்தது; அந்தச் சொரசொரப்பு டிவியின் கோளாறு அல்ல. டிவியில் அசைவுகளை வழவழப்பாக்கிக் காட்டும் ‘மோஷன் ஸ்மூத்திங்’ வசதியை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் தொற்றியவர்களின் வெடுக் வெடுக்கென்ற அசைவு குழைந்துபோகும்.

வேகமும் வெறிச்சோடிய நகரமும் வேண்டுவோருக்கு 2002. நெருக்கடியில் மனிதர்கள் எப்படி உடைகிறார்கள் என்று பார்க்க விரும்புவோருக்கு 1968. ஆனால் அதன் முடிவில் ஆறுதலை எதிர்பார்க்காதீர்கள்.